கன்னியம்மாள் நீட்டிய வெற்றிலைத் தட்டு

வெள்ளேரிப்பட்டு ஊராட்சிக்குக் கன்னியம்மாள் போட்டியில்லாமல் தலைவரான சேதி, கடைசியாகத் தெரிந்தது கன்னியம்மாளுக்குத்தான். 1996 அக்டோபர் மாதம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் அவள் படுக்கை விரிப்புகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கருப்பன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான்.

"நீ பிரசிடெண்ட் ஆயிட்ட," என்றான்.

"எதுக்கு?"

"ஊருக்கு."

"எந்த ஊருக்கு?"

கருப்பன் தலையைச் சொறிந்தான். கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளேரிப்பட்டில் ஊர் என்றால் தெற்குப் பக்கம் இருந்த நான்கு தெரு மட்டும்தான். வடக்கே, ஏரிக்கரைக்குக் கீழே இருந்ததற்குக் காலனி என்று பெயர். கன்னியம்மாள் காலனிக்காரி. பிறந்ததிலிருந்து ஊருக்குள் வேலைக்குப் போயிருக்கிறாள், வந்திருக்கிறாள்; உட்கார்ந்ததில்லை. அவளைக் கொண்டுபோய் அந்த ஊருக்குத் தலைவி என்றால் அவள் என்னதான் நினைப்பாள்? கருப்பனுக்குப் புத்தி கெட்டுவிட்டதென்று நினைத்து, ஈர விரிப்பு ஒன்றை அவன் தோளில் போட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள்.

நடந்தது இதுதான். அந்த வருஷம் தலைவர் பதவியைக் காலனிப் பெண்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிவிட்டது. ஊரில் பெரிய கையான ராமகிருஷ்ணன், காலனியில் எதிர்த்துப் பேசாத பெண் யார் என்று யோசித்தார். பதினைந்து வருஷமாகத் தன் நிலத்தில் வேலை செய்யும் கருப்பனின் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. அவள் காலையில் டவுனுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். பேசுவதற்கு அவளுக்கு நேரமே இருக்காது. காலனிக்காரர்களும் கூடிப் பேசி, நம்ம ஆள் ஒருத்தி நாற்காலியில் உட்காரட்டுமே என்று சரி சொன்னார்கள். ஆக, அவளை நிறுத்தியது தாங்கள்தான் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டது. மனுவில் அவள் கையெழுத்து? அதைக் கருப்பன் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கியிருந்தான். ரேஷன் கார்டு சமாசாரம் என்று அவள் நினைத்திருந்தாள்.

தன்னைத் தலைவியாக்கியது யார் என்ற குழப்பம் அன்று அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு குழப்பம் தீர்வதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிடும். நிம்மதியாக ஒரு வாரம் குழம்பாமல் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

லாட்ஜில் அவள் வேலைக்குச் சேர்ந்தது 1989இல். அப்போது மகள் தென்றலுக்கு ஒன்பது வயது. கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்களும், பம்பாய், டெல்லியிலிருந்து வந்தவர்களும் அங்கே மாசக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, மலையைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு என்று கேட்டால் சாந்திக்கு என்பார்கள். மேலே ஃபேன் சுற்றுகிறது, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது, இதற்குமேல் என்ன சாந்தி வேண்டும் என்று கன்னியம்மாளுக்கு விளங்கவே இல்லை. ஆனால் அங்கே அவள் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். ஒரே அறைக்கு இரண்டு பேர் வந்து சண்டை போடும்போது, மேனேஜர் கத்துவார். கன்னியம்மாள் கத்தமாட்டாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் சொல்வதை முழுக்கக் கேட்பாள். அப்புறம் மற்றவர் சொல்வதை முழுக்கக் கேட்பாள். பாஷை புரியாவிட்டாலும் தலையாட்டுவாள். முழுசாகக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு டீ கொண்டுவந்து கொடுப்பாள்.

ஊராட்சி ஆபீசிலும் இதுதான் கைகொடுத்தது. முதல் வருஷம் துணைத்தலைவரான ராமகிருஷ்ணன், "இங்க போடு கன்னியம்மா," என்று விரலால் காட்டுவார்; அவள் போட்டாள். இரண்டாம் வருஷம், அறிவொளி வகுப்பில் படித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டாள். ஒரு தீர்மானத்தைப் படிக்க அரை மணி நேரம் ஆகும். அதுவரை ராமகிருஷ்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை எரிச்சலூட்ட வேண்டும் என்று அவள் செய்யவில்லை. எழுத்துகள் நிஜமாகவே அத்தனை மெதுவாகத்தான் வந்தன.

அப்புறம் ஜனங்கள் வழக்குகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஆடு மேய்ந்த பயிர், வரப்பைத் தள்ளி வெட்டிய அண்ணன், குடித்துவிட்டு அடித்த புருஷன். ஊர்க்காரர்களும் வந்தார்கள், காலனிக்காரர்களும் வந்தார்கள். கன்னியம்மாள் கேட்டாள், தலையாட்டினாள், டீ கொடுத்தாள். வந்தவர்கள் சமாதானமாகிப் போனார்கள். அவளுக்குத்தான் தூக்கம் பிடிக்காது. "ரெண்டு பேரு சொல்றதும் சரியா இருக்குதே, அப்ப தப்பு யாரு மேல?" என்று கருப்பனைக் கேட்பாள். "அதான் போயிட்டாங்களே, உடேன்," என்பான் அவன். அவளால் விட முடியாது.

1999இல் மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். அதோடு வந்தது வினை. தொட்டியிலிருந்து குழாய் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஊருக்கு, ஒன்று காலனிக்கு. தொட்டி ஆபரேட்டர் சடையன் தினமும் முதலில் ஊர் வால்வைத் திறப்பார். ஊர் நிரம்பிய பிறகு காலனி வால்வைத் திருகினால் குழாயில் காற்று வரும், அதன் பின்னால் இருமிக்கொண்டு இரண்டு குடம் தண்ணீர் வரும். கன்னியம்மாள் ஒரு தீர்மானம் போட்டாள்: ஒரு நாள் ஊருக்கு முதல், மறுநாள் காலனிக்கு முதல். ராமகிருஷ்ணனும் கையெழுத்துப் போட்டார். பேப்பர் பேப்பரோடு கிடக்கும் என்று நினைத்திருப்பார். அது பேப்பரோடு கிடக்கவில்லை.

2000 மே மாதம், காலனியின் முறை வந்த ஒரு காலையில் தொட்டியடியில் கைகலப்பு. குடங்கள் உடைந்தன, கல் பறந்தது, ராமகிருஷ்ணனின் தம்பி மணிக்கு மண்டையில் நான்கு தையல். இரண்டு பக்கமும் போலீசில் புகார் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் கொடுத்த புகாரில் ஐந்தாவது பெயர் தென்றல். 'கொலை செய்யும் நோக்கத்துடன் பிளாஸ்டிக் குடத்தால் தாக்கியதாக' எழுதியிருந்தது. பிளாஸ்டிக் குடத்தால் யாரை, எப்படி, எத்தனை நாளில் கொல்ல முடியும் என்று அதை எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

சிரித்துவிட்டுப் போகிற நிலைமையில் கன்னியம்மாள் இல்லை. தென்றல் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, குதித்து, தேறியிருந்தாள். ஊரிலும் காலனியிலும் சேர்த்து ஒரு பெண் சர்க்கார் வேலைக்குப் போவது அதுதான் முதல் தடவை. இன்னும் இரண்டு வாரத்தில் விசாரிக்க ஆள் வரும். வழக்கு நிலுவையில் இருந்தால் வேலை கிடையாது. ராத்திரி பகலாகப் படித்த பிள்ளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இதற்கிடையில் ஊர்க்காரர்கள் காலனி ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஊர் வழியாக பஸ் ரோட்டுக்குப் போகும் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள்.

அதிகாரிகள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்து அமைதிப் பேச்சு நடத்தினார்கள். முதல் தரப்பு இடது பக்கம், இரண்டாம் தரப்பு வலது பக்கம். கன்னியம்மாள் எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் நின்றாள். காலனிக்காரி என்றால் வலது. தலைவி என்றால் எல்லாருக்கும் பொது. கடைசியில் பியூன் ஒருவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். அங்கே உட்கார்ந்து மூன்று மணி நேரம் இரண்டு பக்கத்தையும் கேட்டாள். அவள் கேட்ட விதத்தைப் பார்த்து அதிகாரியே பேச்சை அவளிடம் விட்டுவிட்டார். முடிவில் எழுதியது நல்ல ஒப்பந்தம். இரு தரப்பும் புகாரைத் திரும்பப் பெறுவது, பாதையைத் திறப்பது, வேலைக்குக் கூப்பிடுவது, தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைப்படி. காலனிக்கு ஒரு குறையும் இல்லை. வள்ளி, காலனியில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள், அவளே, "பரவாயில்ல, நம்ம கன்னியம்மா கெட்டிக்காரிதான்," என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ராமகிருஷ்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பி, "பேப்பர்ல முடிஞ்சிது. ஊர்ல ஒரு தட்டு வெச்சி முடிச்சிட்டா நாளைக்கே மணிய இட்டுனு போயி வாபஸ் குடுத்துட்றேன்," என்றார். கன்னியம்மாள் சரி என்றாள். நாளைக்கே என்ற வார்த்தை மட்டும்தான் அவள் காதில் நின்றது. பக்கத்தில் இருந்த கருப்பன் தட்டைப் பற்றி என்னவோ சொன்னான். பஸ் பெரியார் சிலைப் பக்கம் நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தது. அவள் மனசு தென்றலுக்கு வரவேண்டிய வேலைக் கடுதாசியில் இருந்தது. கருப்பன் சொன்னது காதில் விழுந்ததா, விழவில்லையா என்பதைப் பிற்பாடு அவள் ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கே தொட்டியடியில், பட்டப்பகலில், எல்லாரும் கூடினார்கள். ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். தட்டு தரையில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் காலனிப் பெரியவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். எல்லாரும் மரம்போல நிற்பதைப் பார்த்த கன்னியம்மாள், தலைவி நான்தானே, உபசரிக்க வேண்டியவளும் நான்தானே என்று குனிந்து தட்டை எடுத்தாள். கல்யாண வீட்டில் செய்வதுபோல வயதில் மூத்தவருக்கு முதலில் என்று ராமகிருஷ்ணன் முன்னால் போய் நீட்டினாள்.

ராமகிருஷ்ணன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அப்புறம் மணி எடுத்தான். திரும்பிக் காலனிக்காரர்களிடம் போனபோது, அங்கே வள்ளியும் கருப்பனும் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளேரிப்பட்டுப் பஞ்சாயத்தில், தட்டை எடுத்து நீட்டுபவர் தப்பு செய்தவர். வெற்றிலையை எடுத்துக்கொள்பவர் மன்னித்தவர். பெரியவர்கள் தட்டைத் தரையில் விட்டு மணிக்கணக்காகப் பேசுவது அதனால்தான். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே நேரத்தில் தூக்கிய வழக்குகளும் உண்டு. இது இரண்டு பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கும் தெரியும். பெண்பிள்ளைகளை அந்தக் கூட்டத்தில் சேர்த்ததே இல்லை என்பதால் கன்னியம்மாளுக்குத் தெரிய வழியில்லை. அல்லது தெரிந்திருக்கலாம், எப்போதாவது, எங்கேயாவது, யாராவது சொல்லிக் கேட்டிருக்கலாம்.

"எங்க எல்லாருக்கும் சேத்து நீ மன்னிப்பு கேட்டுட்ட," என்றாள் வள்ளி. "ஒடஞ்சது எங்க கொடம். மன்னிப்பும் எங்களுது." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் புகார்கள் வாபஸ் ஆயின. அந்த விஷயத்தில் ராமகிருஷ்ணன் சொன்ன சொல் தவறவில்லை. மூன்றாம் நாள் காலனியின் முறை. சடையன் ஊர் வால்வைத்தான் திறந்தார். கன்னியம்மாள் ஒப்பந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினாள். சடையன் கெட்ட மனுஷன் இல்லை. மிகவும் சங்கடத்தோடுதான் சொன்னார்.

"பேப்பரு இருக்குதும்மா, நான் இல்லன்னு சொல்லல. தட்டையும் குடுத்துட்டீங்களே. மன்னிப்பு கேட்டதுக்கு அப்பால முறை ஏதுன்னு கேக்கறாங்க. நான் என்னா பண்ணட்டும்?"

"நான் மன்னிப்பு கேக்கலண்ணா. வெத்தலதான் குடுத்தேன்."

"அது எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியலயே."

விசாரிக்க வந்த ஏட்டு, வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். தென்றலுக்கு வேலை கிடைத்தது. பயிற்சிக்குக் கிளம்பும் அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே அம்மாவைக் கேட்டாள்.

"யம்மா, நெசத்த சொல்லு. தட்ட தெரிஞ்சி எடுத்தியா, தெரியாம எடுத்தியா?"

கன்னியம்மாள் யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது என்று நிஜமாகவே யோசித்தாள். "தெரியலடி," என்றாள்.

"எனக்காக தெரிஞ்சே எடுத்தேன்னு சொன்னா கோவப்படுவேன். தெரியாம எடுத்தேன்னா பாவமா இருக்கும். தெரியலன்னா நான் என்னம்மா பண்றது?"

கன்னியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து, காலிக் குடத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மகள் வேலைக்குப் போன சந்தோஷத்தில் அழுவதாகக் கருப்பன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் மறுபடியும் தேர்தல் வந்தது. இந்த முறை வள்ளி எதிர்த்து நின்றாள். கன்னியம்மாள் நிற்பதாகவே இல்லை; ஊர்க்காரர்கள்தான் அவள் பெயரில் மனுவைப் போட்டுவிட்டு, "நீதான் வேணும் கன்னியம்மா, ஊர ஒத்துமையா வெச்சிருக்கற," என்றார்கள். வாபஸ் வாங்கப் போனாள். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். ஜெயித்தும் விட்டாள். காலனி வார்டுகள் இரண்டிலும் சேர்த்து அவளுக்கு விழுந்தது பதினோரு ஓட்டு. அந்தப் பதினொன்றில் ஒன்று கருப்பனுடையது. அவள் ஓட்டு? அவள் வள்ளிக்குப் போட்டிருந்தாள். மாலையோடு வீட்டுக்கு வந்தபோது காலனித் தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. ஜெயித்தவளைப் பார்த்து இரங்கல் சொல்லத் தோன்றினால் அது அன்றைக்குத்தான்.

இதெல்லாம் வெளியே யாருக்கும் தெரியாது. வேங்கிக்காலில் அவள் பெயர் பரவிவிட்டது. எந்தக் கிராமத்தில் சண்டை வந்தாலும், அந்த வெள்ளேரிப்பட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று ஜீப் அனுப்பினார்கள். போனாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், கேட்டாள். சுடுகாட்டுப் பாதைச் சண்டை, தேர் போகும் தெருச் சண்டை, கொடிக்கம்பச் சண்டை. ஏழெட்டு இடத்தில் வெட்டுக்குத்து வராமல் தடுத்தாள் என்பது பொய்யில்லை. ஒவ்வொரு இடத்திலும் முதல் வேலையாக, "இங்க தட்டு வழக்கம் எப்படி?" என்று விசாரிப்பாள். அது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அம்மாவுக்கு நுணுக்கம் ஜாஸ்தி என்று பாராட்டினார்கள்.

2002இல் கல்லூரி ஆசிரியை அருணாதேவி தலைமையில் டவுனில் ஒரு அமைதிப் பேரணி நடந்தது. நாட்டில் எங்கெங்கோ கலவரம், எல்லையில் பட்டாளம். வெள்ளை உடுத்திய முந்நூறு பேர் கிரிவலப் பாதையில் நடந்து வந்து ஒரு மண்டபத்தில் கூடினார்கள். மேடையில் மைக் பிடித்தவர், "இப்போது நம் சமாதானத் தலைவி பேசுவார்," என்றதும் கன்னியம்மாள் யாரையோ அழைக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. அருணாதேவி அவள் கையைப் பிடித்து எழுப்பிச் சால்வை போர்த்தினார்.

"நீங்க செஞ்சத சொல்லுங்கம்மா, போதும்."

கன்னியம்மாள் மைக்கைப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் அடிச்சிக்காம இருக்காங்க, அது நெசம்," என்றாள். "ஒரு பக்கத்துக்குத் தண்ணி வரல, அதுவும் நெசம். தண்ணி வரலன்னு சண்ட போட்டா, அமைதியா இருந்த ஊர கெடுத்தவன்னு சொல்றாங்க. இதுக்கு என்னா பேரு வெக்கறதுன்னு எனக்குத் தெரியலங்க. படிச்சவங்க நெறைய பேரு இருக்கீங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும்."

நிஜமாகவே பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எளிமையான பேச்சு என்று மறுநாள் பேப்பரில் வந்தது. சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்தபோது அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைதட்டுகிறவர்களை என்ன செய்வது?

2003 மே மாதம். மழை பொய்த்து இரண்டாம் வருஷம். காலனிக் குழாயில் இப்போது காற்றுகூட வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வள்ளியும் காலனிப் பெண்களும் காலிக் குடங்களோடு தொட்டியடியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சேதி தெரிந்து கன்னியம்மாள் ஓடினாள். அவளைப் பார்த்ததும் வள்ளி, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அவளிடம் வாய் திறந்தாள்.

"பிரசிடெண்டு எங்க வந்தாங்க? சமாதானம் பண்ணவா?"

கன்னியம்மாள் நின்றாள். அன்றைக்கு முறைப்படி யாருக்கு முதல் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தவறிய முறையை எங்கிருந்து எண்ணுவது என்று தெரியவில்லை. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டுச் சடையனிடம் போய்க் கையை நீட்டினாள். சடையன் வால்வு திருகும் கம்பியைக் கொடுத்துவிட்டு, கொடுக்காதவர்போல வேறு பக்கம் பார்த்தார். அவள் ஊர் வால்வை அடைத்தாள். காலனி வால்வைத் திறந்தாள். குழாய் இருமியது.

திரும்பி வந்து வள்ளிக்கு எதிரில் நின்றாள். "தட்ட தெரியாம எடுத்தேன்னு மூணு வருஷமா சொல்லிக்கினு இருக்கறேன்," என்றாள். "அது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியல. எம் பொண்ணு பேரு அந்த லிஸ்ட்ல இருந்து போவணும்னு துடிச்சேன், அது நெசம். அந்தத் துடிப்புல எடுத்தேன். இப்ப அவளுக்கு வேல கெடச்சிட்ட அப்பால வந்து இங்க உக்காரறேன். இது என்னா தைரியமா? எனக்குத் தெரியல. திட்றதுன்னா திட்டு."

வள்ளி திட்டவில்லை. நகர்ந்து இடமும் கொடுக்கவில்லை. கன்னியம்மாள் வெறும் மண்ணில், ஓரமாக உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குள் ஊர் திரண்டுவிட்டது. ராமகிருஷ்ணன் நேரில் வந்து, "கன்னியம்மா, நீயே செய்யலாமா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, நம்ப முடியாத திகைப்பு. பதினோரு மணிக்குப் போலீஸ் வேன் வந்தது. பெண்கள் கூட்டம் என்பதால் ஆயுதப்படையிலிருந்து பெண் காவலர்களை அனுப்பியிருந்தார்கள். ஆறு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக இறங்கியது தென்றல்.

எங்கே போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை போலும். தொட்டியைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, அவள் வேன் படியிலேயே ஒரு நொடி நின்றாள். கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மகளைக் காக்கியில் பார்ப்பதே அவளுக்கு அதுதான் முதல் தடவை, ஒரு தடவை நன்றாக நிமிர்ந்து பார்க்க ஆசையாக இருந்தது, முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் புதியவர், வெளி மாவட்டம். கலைந்து போகச் சொன்னார், யாரும் எழவில்லை. எல்லாரையும் ஏற்றச் சொல்லிவிட்டு, பெயர் எழுதும் வேலையைக் கையில் நோட்டு வைத்திருந்த தென்றலிடம் கொடுத்தார். தென்றல் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். பெயர், வயது, கைதானதை யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சின்ன வயதில் தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காக்களையும் அத்தைகளையும் பேர் என்ன என்று கேட்டாள். அவர்களும் தெரியாதவர்களிடம் சொல்வதுபோலச் சொன்னார்கள். கடைசியாக ஓரத்துக்கு வந்தாள்.

"பேரு?"

"கன்னியம்மா."

"வயசு?"

"நாப்பத்தஞ்சி இருக்கும்."

"யாருக்குத் தகவல் சொல்லணும்?"

கன்னியம்மாள் வாயைத் திறந்தாள். கருப்பன் என்று சொல்லலாம்; சொன்னால் நோட்டில் அது தென்றலின் அப்பா பெயர், யாராவது சேர்த்துப் பார்த்துவிட்டால் அவள் வேலை என்ன ஆகும் என்று தோன்றியது. வேறு பெயர் எதுவும் நாக்கில் வரவில்லை. அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே தென்றல் எதையோ எழுதி முடித்து, நோட்டை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் மேலிருந்து கீழே பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது. "தகவல் சொல்ல வேண்டியது, தென்றல், மகள். யாரும்மா இது?"

"நான்தாங்க சார்," என்றாள் தென்றல். "அவங்க எங்கம்மா."

அந்த இடத்தில் கன்னியம்மாளுக்குக் குழப்பமே வரவில்லை. எழுந்து நின்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். "இல்லீங்க சார். இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்ல. எனக்குப் பொண்ணே கெடையாது."

இன்ஸ்பெக்டர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, அம்மாவும் பெண்ணும் என்று ரோட்டில் போகிறவன்கூடச் சொல்லிவிடுவான். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வள்ளி எழுந்து வந்து கன்னியம்மாளின் தோளை ஒட்டி நின்றாள்.

"ஆமாங்க சார்," என்றாள் வள்ளி. "எங்க பிரசிடெண்டுக்குப் பொண்ணு கெடையாது. காலனில யார வேணா கேளுங்க."

உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஆமாம் என்றார்கள்.